ஏற்பும் விமர்சனமும்

கேள்வி: நியோகாட்டக்குமெனல் வழி என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கத்தை வத்திக்கான் ஏற்ற பின்னும் விமர்சிப்பது முறையா?

பதில்: முறையே. 1964இல் மாட்ரிட்டின் குடிசைப் பகுதியில் கீக்கோ ஆர்குவெய்யோவும் கார்மென் எர்னாண்டஸும் தொடங்கிய இவ்வியக்கத்தின் விதிமுறைகள் 2008இல் இறுதி ஒப்புதல் பெற்றன என்றாலும், 2005இல் வத்திக்கானின் வழிபாட்டுத் துறைத் தலைவராயிருந்த கர்தினால் அரின்ஸே, மாதம் ஒரு ஞாயிறேனும் பங்கு (ஓர் ஆலயத்தைச் சார்ந்த வட்டாரம்) மக்களோடு திருப்பலியில் சேரவும் நற்கருணை பெறும் முறையைத் திருத்திக்கொள்ளவும் அவர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. ஏழைகளிடையே அவர்கள் ஆற்றிய உழைப்பை மதிக்கிறேன். ஆயினும், போதனைக் கையேடுகள் நெடுங்காலம் பொதுப் பார்வைக்கு வராததும், ஒருவரின் வாழ்வைக் குழுவினர் முன்னிலையில் துருவிக் கேட்கும் சடங்கும் கவலை தருகின்றன. மனச்சான்றின் அந்தரங்கம் குருவிடம் தனிமையில் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளத்திற்கே உரியது. பங்குகளில் பிளவு விளைவதாகக் கூறி, ஜப்பான் ஆயர்கள் 2010இல் இதன் பணியை 5 ஆண்டுகள் நிறுத்திவைக்கக் கோரினர், ரோம் இசையவில்லை.