மனநோய் என்றால் என்ன என்பதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

கேள்வியைப் பார்த்தால் ஏதோ கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஏற்பாடு நடக்கிற மாதிரி தெரிகிறது. மூளைப் படம் போட்ட பேனர், ஊர்வலம், ஓவியப் போட்டி எல்லாம் லிஸ்டில் இருக்கும். நடத்துங்கள். ஆனால் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் மூளையைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. கையில் இருக்கிற மாத்திரையைப் பற்றித்தான் கேட்பார்கள்.

நான் டாக்டர் இல்லை, டி.பார்ம். படித்தவன். 'மாத்திரை விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான்' என்று கமெண்ட் வரும், தெரியும். இந்த மருந்துகள் பெரும்பாலும் மாவட்ட அரசு மருத்துவமனையில் காசில்லாமலே கிடைக்கும். பல பேரை அங்கே போகச் சொல்லி அனுப்பியதே நான்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், யாருக்கு நட்டம் என்று.

மாதாமாதம் ஒருவர் வருவார். (அடையாளம் தெரியக்கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, நாலாக மடித்த சீட்டை நீட்டுவார். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துக் காகிதக் கவரில் போட்டுத் தரவேண்டும். வெறும் அட்டை குப்பையில் கிடந்தால் பக்கத்து வீட்டுப் பையன் கூகுளில் தேடிவிடுவானாம். மகனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா); யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்கும். சீட்டில் இரண்டு மாத்திரை, ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

ஒரு மாதம் நான் கடையில் இல்லாத நேரமாக வந்து பெரியதை மட்டும் வாங்கிப் போயிருக்கிறார். அப்புறம் ஒருநாள் மகனையே கூட்டிக்கொண்டு வந்தார். பையன் அடிமேல் அடி வைத்து நடக்கிறான், கை வீசவில்லை, வாயோரம் எச்சில். "உங்க மாத்திரைதான் தம்பி இவனை மரமாக்கிடுச்சு. எல்லாத்தையும் நிறுத்தப் போறேன்" என்றார். சின்னதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அது கை நடுக்கத்துக்குன்னு சொன்னாங்க. இவனுக்குத்தான் நடுக்கமே இல்லையே!"

ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டையும் கவுன்டர் கண்ணாடிமேல் தனித்தனியாக வைத்தேன். "அண்ணே, பெரிசு காதுல கேக்குற குரலுக்கு. அது வேலை செய்யும்போது சிலபேருக்கு உடம்பை இறுக்கிடும், கை நடுங்கும். அது வராம இருக்கத்தான் சின்னது. நடுக்கம் இல்லைன்னீங்களே, இத்தனை நாள் இது உள்ள போனதாலதான் வரலை." அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன். அவர் அளவை மாற்றி எழுதினார். கொஞ்ச நாளில் பையன் கை வீசி நடந்து வந்தான்.

அதற்கப்புறம்தான் அந்த மனிதர் வாய் திறந்தார். குரல் நிஜமாகவே கேட்கிறதா, நடிக்கிறானா? நான் பேசுவது உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் அவனுக்கும் கேட்கிறது என்றேன். குளிக்காமல் படுத்தே கிடக்கிறானே, சோம்பேறித்தனம்தானே? அதுவும் நோய்தான், குரலுக்குக் கேட்கிற அளவு அதற்கு மாத்திரை கேட்காது. கல்யாணம் பண்ணினால்? சரியாகாது அண்ணே.

மேடையில் 'சுகர் மாதிரிதான் இதுவும்' என்பார்கள். பாதிதான் சரி. சுகர்காரருக்குத் தனக்குச் சுகர் என்று தெரியும். மனச்சிதைவில் பலருக்குத் தனக்கு நோய் இருப்பதே புரியாது. திமிர் என்று அடிக்கிறார்கள்; அப்படிப் புரியாமல் இருப்பதே நோயின் ஒரு பகுதி. மனச்சோர்வு மாத்திரை கதை வேறு. குமட்டல் முதல் வாரமே வந்துவிடும், குணம் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். இதை முன்கூட்டியே சொல்ல ஆளில்லாததால் பாதி அட்டையோடு வந்து 'ரிட்டர்ன் எடுப்பீங்களா' என்கிறார்கள்.

   

முகாமில் 'கோயிலுக்குப் போகாதே, தர்காவுக்குப் போகாதே' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், கூட்டம் எழுந்து போய்விடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா பக்கத்து மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் கருகிச் செத்தது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல். சாமி கும்பிட்டதாலா செத்தார்கள்? 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது. இன்று அதே ஏர்வாடி தர்காவில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மனநல மருத்துவமும் கிடைக்கிறது. நம் ஆள் மகனை, மனநோய் தீரவேண்டி மக்கள் தங்கும் திருச்சி பக்கத்துக் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது, ஒரு மண்டலத்துக்கும் வேண்டிய மாத்திரையைச் சீட்டுப்படி கட்டிக்கொடுத்தேன். சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

நோட்டீஸ் அடித்தால் 14416 என்ற எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, காசில்லை, தமிழிலேயே பேசலாம். மாத்திரைப் பெயரை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். இங்கே நான் எழுதாததும் அதனால்தான். மறுநாள் காலையில் சீட்டே இல்லாமல் நோட்டீஸும் கையுமாக என் கடை வாசலில் நிற்பார்கள், தரமாட்டேன் என்றால் சண்டை.