நெஞ்சைப் பிடிக்காதீர்கள், தலையைப் பிடியுங்கள்

கூண்டுப் பறவைகள்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு காக்டெயில் கிளி ஜிமிக்கிக்கு இரண்டு வயது. ஒரு வாரமாகத் தும்மல். உட்கார்ந்திருக்கும்போதே வால் மேலும் கீழும் ஆடுகிறது. டாக்டர் ஒரு திரவ மருந்து எழுதி, காலையும் மாலையும் 0.1 மி.லி. வாயில் விடச் சொன்னார். மருந்துக்கடையில் சிவப்பு மூடி போட்ட இன்சுலின் சிரிஞ்ச் கொடுத்தார்கள். ஊசியைக் கழற்றிவிட்டு 10 என்ற கோடு வரை எடுத்துக் கொடுக்கிறேன். துண்டால் இறுக்கிச் சுற்றி, மார்போடு சேர்த்துப் பிடித்தால்தான் அடங்குகிறாள். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள். நேற்று மருந்து மூக்கு வழியாக வந்துவிட்டது. என் மாமியார், "தண்ணியில கலந்து வச்சா போதும், ஆவி புடிக்க வை" என்கிறார். என்ன செய்வது? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா, இதழ் வரும்வரை காத்திருக்கிற விஷயமில்லை என்பதால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த சிரிஞ்ச். சிவப்பு மூடி என்றால் அது யூ-40 ரகம். அதில் இருப்பது மி.லி. கணக்கு இல்லை, இன்சுலின் யூனிட் கணக்கு. 40 யூனிட் சேர்ந்தால்தான் 1 மி.லி. அப்படியானால் 10 என்ற கோடு 0.25 மி.லி. டாக்டர் சொன்ன 0.1 வேண்டுமென்றால் 4 யூனிட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஜிமிக்கிக்கு இரண்டரை மடங்கு மருந்து போயிருக்கிறது. பதறவேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எத்தனை வேளை இப்படிக் கொடுத்தீர்கள் என்பதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த வேளையை விடுவதா, தொடர்வதா என்று அவர் முடிவு செய்யட்டும். கடையில் "ஒரு மி.லி. சிரிஞ்ச், மி.லி. அளவு போட்டது" என்று கேட்டு வாங்குங்கள். அதில் 0.1, 0.2 என்று அச்சிட்டிருக்கும். 0.01 வரை சிறு கோடுகளும் இருக்கும். காக்டெயிலின் எடையே 80 முதல் 100 கிராம்தான். ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும். அதனால் டாக்டர் கையாலேயே சிரிஞ்சில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வாங்கி வாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

அடுத்தது பிடிக்கிற விதம். என்னைக் கேட்டால், மூச்சு நோய் வந்த பறவைக்கு மருந்தைவிட அதைப் பிடிக்கும் கைதான் பெரிய ஆபத்து. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற மூச்சுத் தசை இருக்கிறது. நெஞ்சை ஒருவர் அழுத்திப் பிடித்தாலும் ஓரளவு மூச்சு விட முடியும். பறவைக்கு அது கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகளில் காற்று போய்வரும். அந்த எலும்பை அழுத்திப் பிடித்தால் மூக்கும் வாயும் திறந்தே இருந்தாலும் பறவைக்கு மூச்சு கிடைக்காது. "கையிலேயே செத்துப்போச்சு டாக்டர்" என்று அழுதுகொண்டு வந்தவர்களில் பலர் முரடர்கள் அல்லர். பாசத்தோடு மார்போடு அணைத்துப் பிடித்தவர்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பறவையைத் தொடுவதற்கு முன்பே மருந்தை அளந்து சிரிஞ்சில் எடுத்து வைத்துவிடுங்கள். பறவையைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து மூடியைத் தேடக்கூடாது. அறை விளக்கைக் குறைத்துவிட்டால் பறவை அவ்வளவாகப் படபடக்காது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஜன்னலைச் சாத்திவிடுங்கள். மெல்லிய பருத்தித் துண்டால் பின்புறமிருந்து எடுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாடையின் இரு பக்கமும் இருக்கட்டும். இறக்கைகள் விரியாதபடி துண்டு தளர்வாகச் சுற்றியிருந்தால் போதும். மார்புப் பக்கம் கை படவே வேண்டாம், அங்கே மூச்சு அசைவு கண்ணுக்குத் தெரியவேண்டும். உடம்பு நிமிர்ந்து இருக்கட்டும். குழந்தைக்குப் புகட்டுவதுபோல மல்லாக்கச் சாய்க்காதீர்கள்.

மருந்து மூக்கு வழியாக வந்ததற்குக் காரணம் வேகம். பறவையின் நாக்குக்குப் பின்னாலேயே, நடுவில், மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது. நேராகப் பீச்சினால் மருந்து அங்கேதான் போகும். ஏற்கெனவே நோயுள்ள நுரையீரலில் மருந்து இறங்கினால் அதுவே ஒரு நிமோனியா. உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கமாகத்தான் இறங்குகிறது. எனவே பறவையின் இடப்பக்க அலகோரத்தில் சிரிஞ்ச் நுனியை வைத்து, அதன் வலப்பக்கத் தொண்டையை நோக்கிக் கொடுங்கள். 0.1 மி.லி. என்பது ஏறக்குறைய இரண்டு சொட்டு. ஒரு சொட்டு விடுங்கள், நாக்கு அசைந்து விழுங்குவதைப் பாருங்கள், அப்புறம் அடுத்தது. அலகோரத்தில் வைத்த சொட்டை அதுவே நக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. பாதி வெளியே சிந்திவிட்டால் கண்ணளவில் மறுபடி கொடுக்காதீர்கள். தாடையில் ஒட்டியதைத் துடைத்துவிட்டு, அடுத்த வேளைக்கு ஒழுங்காகக் கொடுங்கள். திணறினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ உடனே கூண்டில் விட்டுவிடுங்கள். இன்னும் ஒன்று, மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பு கொடுங்கள். தீனிப்பை நிறைந்திருக்கும்போது பிடித்தால் உண்டது மேலே வரும்.

விட்டபிறகு கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மூச்சு பழைய நிலைக்கு வரவேண்டும். வராவிட்டாலும், பிடிப்பதற்கு முன்பே வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலும், அந்த வேளைக்குப் பிடிக்கவே கூடாது. துணி போர்த்திய பெட்டியில் வைத்து, காற்று புகும்படி விட்டு, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஆக்சிஜனும் ஊசியும் இருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

மாமியாருக்கு என் வணக்கம். ஆனால் தண்ணீரில் கலக்கவேண்டாம். கசந்தால் பறவை குடிக்காது. குடிக்காவிட்டால் மருந்தும் போகாது, தண்ணீரும் போகாது. நோயுள்ள பறவை எப்படியும் குறைவாகத்தான் குடிக்கும். ஆவியும் வேண்டாம். பறவையின் உடம்புச் சூடே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ், அதற்கு வியர்க்காது. வெந்நீர்ப் புகையில் வைத்தால் மூச்சு இன்னும் இரைக்கும். ஆவியின் துளிகள் பெரியவை, உள்ளே ஆழமாகப் போகவும் செய்யாது. தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எல்லாம் அந்த நுரையீரலுக்கு நஞ்சு மாதிரி. டாக்டர் சொன்னால் நெபுலைசர் வைக்கலாம். அதில் வரும் துளி 5 மைக்ரானுக்கும் சிறியது. சிறு பெட்டியில் பறவையை வைத்து, குழாயை உள்ளே விட்டு, துணியால் முக்கால்வாசி மூடி, அவர் சொன்ன சலைனை அவர் சொன்ன நேரம் கொடுக்கவேண்டும். கையில் பிடிக்கவே தேவையில்லை என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்த வழி.

வெதுவெதுப்பு வேண்டுமென்றால் கூண்டின் ஒரு பக்கத்துக்கு மட்டும் 40 வாட் குண்டு பல்பு. 28 முதல் 32 டிகிரி போதும். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டால் சூடு அதிகம் என்று அர்த்தம். தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். பத்து கிராம் குறைந்தால் டாக்டருக்குத் தெரியவேண்டும். கொசுவத்தி, சாம்பிராணி, தாளிப்புப் புகை வராத அறையாக இருக்கட்டும். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். நமக்கு வாசனைகூடத் தெரியாது.

கேள்வி: ஒரே கூண்டில் எட்டு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். ஒன்று மட்டும் மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது. தினை மட்டும்தான் தீனி. பறவைக் கடைக்காரர், டெட்ராசைக்ளின் பொடியைத் தண்ணீரில் கலந்து எட்டுக்கும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர். எடை 30, 40 கிராம். நிஜ லவ் பேர்ட் 50 கிராமைத் தொடும். டாக்டரிடம் போகும்போது எதுவென்று தெரியாவிட்டால் பறவையையே கொண்டுபோங்கள், அளவு மாறிவிடும்.

பொடி வேண்டாம். 'டிக் டிக்' சத்தமும் தினை மட்டுமே தீனி என்பதும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அயோடின் குறைவு. கழுத்தடியில் தைராய்டு சுரப்பி வீங்கி மூச்சுக்குழாயை அழுத்தும். ஆன்டிபயாடிக் அதற்கு என்ன செய்யும்? ஈரம் பட்ட தீனியில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையாகவும் இருக்கலாம். அதிலும் ஆன்டிபயாடிக் பயன்படாது, கெடுதல் செய்யவும் கூடும். கேனரி, ஃபின்ச் வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல்: அவற்றின் மூச்சுக்குழாயிலேயே குடியிருக்கும் சிற்றுண்ணி இதே சத்தத்தைக் கொடுக்கும். சத்தம் ஒன்றுதான், மருந்து மூன்றும் வேறு.

தண்ணீரில் மருந்து எப்போதுமே தவறு என்று சொல்லமாட்டேன். கூட்டமாக வளர்க்கும் இடத்தில், நோய் இன்னதென்று உறுதியானபிறகு, டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுப்பதுண்டு. அப்போது தினமும் புதிதாகக் கலக்கவேண்டும், வேறு தண்ணீரோ கீரையோ கூண்டில் இருக்கக்கூடாது. பட்ஜெரிகர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை, தண்ணீர் குடிக்காமல் ரொம்ப நேரம் சமாளிக்கும். மருந்துத் தண்ணீர் பிடிக்காவிட்டால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். நீங்கள் மருந்து போயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இப்போதைக்குச் சத்தம் போடுவதை வேறு அறையில் தனிக் கூண்டில் வையுங்கள். தீனியும் தண்ணீரும் தரைமட்டத்தில், ஏற இறங்கச் சிரமப்படாதபடி. நல்ல ஏழுக்கும் முதலில் வேலையை முடித்துவிட்டு, கடைசியில் இதனிடம் போங்கள்.

கேள்வி: எங்கள் காக்டெயிலுக்கு ஸ்வாப் பரிசோதனையில் சிட்டகோசிஸ் (கிளிக்காய்ச்சல்) என்று வந்தது. டாக்ஸிசைக்ளின் 45 நாள் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டு வாரத்திலேயே விசிலடிக்க ஆரம்பித்துவிட்டான். நிறுத்தலாமா? கர்ப்பமாக இருக்கும் மகள் அடுத்த வாரம் வருகிறாள். (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நிறுத்தக்கூடாது. இந்தக் கிருமி உயிரணுவுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். அது பெருகும்போதுதான் மருந்து வேலை செய்யும். 45 நாள் என்பது அதற்காகத்தான். விசிலடிக்கிற பறவையும் எச்சத்தில் கிருமியை விட்டுக்கொண்டிருக்கலாம்.

கூண்டில் கடல்நுரை ஓடு தொங்குகிறதா என்று பாருங்கள். மினரல் கட்டி, முட்டையோட்டுத் தூள் இவற்றையும். சுண்ணாம்புச் சத்து டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நீங்கள் ஒழுங்காகக் கொடுத்தும் மருந்து பாதியாகிவிடும். மருந்து முடியும்வரை எடுத்துவிடுங்கள். முட்டையிடும் பெட்டையாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். மருந்து கொடுத்ததும் கக்கினால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் உணவோடு கொடுக்கச் சொல்வார்.

மகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இது மனிதருக்கும் தொற்றும். 1929-30இல் அர்ஜென்டினாவிலிருந்து போன கிளிகள் வழியாகப் பல நாடுகளில் பரவி உயிர்களைக் கொண்டுபோன நோய் இது. கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. மருந்துக் காலம் முடிந்து, மறு பரிசோதனையும் ஆகும்வரை மகள் அந்த வீட்டுக்கு வரவேண்டாம். முடியாதென்றால் பறவைதான் வேறு இடம் போகவேண்டும், மகள் வருவதற்கு முன் கூண்டிருந்த அறையைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்யுங்கள். எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த செய்தித்தாளோடு சுருட்டி எடுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் "எங்கள் வீட்டில் பறவைக்கு இந்த நோய்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது.

கேள்வி: பச்சைக்கிளிக்குச் சளி. குழந்தையின் இருமல் சிரப்பை இரண்டு சொட்டு கொடுக்கலாமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: கூடாது. அந்த சிரப்பில் இருப்பவை பத்து கிலோ குழந்தையை மனத்தில் வைத்து அளந்தவை, உங்கள் கிளி நூறு கிராமைக் கொஞ்சம் தாண்டும். ஸ்டீராய்டு கலந்த எதையும் தொடவே தொடாதீர்கள், பறவைக்கு நோய் எதிர்ப்பு சக்தியே போய்விடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கிளி ஜோசியக்காரரிடம் இருந்தாலும் அதேதான். வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் சரி. ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் கிளியைச் சட்டத்துக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். இன்றே அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள், வனத்துறைக்கு அங்கிருந்தே போன் செய்யலாம்.