புது பிரேக் பேட் போட்டும் கேமரன் மலை இறக்கத்தில் பெடல் தரையோடு போய்விட்டது. ஏன்?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: முன் சக்கரங்களுக்குப் புது பேட் போட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய்விட்டு ஆட்டோ கியர் காடியில் (காரில்) மலையடிவாரத்துத் தாப்பா பக்கம் இறங்கியிருக்கிறார். ரிங்லெட் தாண்டியதும் பெடல் மெத்தென்று ஆகி, மிதிக்க மிதிக்க உள்ளே போயிருக்கிறது. ஓரம் கட்டி முக்கால் மணி நேரம் நின்ற பிறகு பழையபடி பிடித்திருக்கிறது. மறுநாள் வர்க்‌ஷாப்பில் காட்டினால், "ஒண்ணும் இல்ல, பேட் புதுசா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள்.

பெரும்பாலும் உங்கள் பிரேக் எண்ணெய்தான் கொதித்திருக்கிறது. அதை மாற்றும்வரை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் காடியை எடுக்காதீர்கள். பட்டணத்துக்குள் ஓட்டும்போது நன்றாகப் பிடிக்கிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம்.

நான் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தோட்டப் பட்டறையில் டிராக்டர், லோரி பழுது பார்த்துக் கற்றுக்கொண்டு, இப்போது பட்டணத்தில் சின்னதாக ஒரு வர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள். மலையிலிருந்து இறங்கிய காடிகள் சக்கரத்தில் கருகிய வாடையோடு வந்து நிற்கும். வருபவர்கள் எல்லோரும் பேட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். எண்ணெயைப் பற்றிக் கேட்பவர் நூற்றில் ஒருவர் கூட இல்லை.

நீங்கள் பெடலை மிதித்தால் அந்த அழுத்தத்தை பூஸ்டர் பெருக்கிக் கொடுக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் அதை எண்ணெய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் தள்ளுகிறது. முன் சக்கரத்தில் கேலிப்பர் என்கிற கவ்விக்குள் இருக்கிற பிஸ்டன் வெளியே வந்து, இரண்டு பேட்டும் சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கின்றன. மைவி, சாகா மாதிரி சின்ன காடிகளில் பின்னால் பெரும்பாலும் டிரம்தான். அங்கே ஷூ உள்ளிருந்து விரிந்து பிடிக்கும். இவ்வளவும் நடப்பது ஒரே ஒரு குணத்தால்: திரவத்தை அமுக்கினால் அது சுருங்காது. கால் கொடுக்கிற அழுத்தம் குறையாமல் சக்கரம் வரைக்கும் போய்ச் சேரும்.

ஆவி அப்படியில்லை. அமுக்கினால் சுருங்கிவிடும். குழாய்க்குள் கொஞ்சம் ஆவி உண்டானாலும் போதும், உங்கள் காலின் பலமெல்லாம் அதைச் சுருக்குவதிலேயே செலவாகி, பிஸ்டன் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆறியதும் ஆவி திரும்பவும் திரவமாகிவிடும். அதனால்தான் மறுநாள் பார்த்தவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஓர் அடையாளம் சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பெடல் கல் மாதிரி நின்று, ஆனால் காடி நிற்காமல் வழுக்கினால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் எண்ணெயில் ஆவியோ காற்றோ இருக்கிறது, இல்லையென்றால் எங்கேயோ கசிகிறது. உங்களுக்கு நடந்தது இரண்டாவது. ஆறியதும் சரியானதால் கசிவைவிட ஆவிக்கே வாய்ப்பு அதிகம்.

எண்ணெய் ஏன் கொதிக்கிறது? பிரேக் எண்ணெய் என்று சொல்கிறோமே தவிர அது இன்ஜின் எண்ணெய் வகையே இல்லை. அது ஈரத்தை இழுக்கும். பிரேக் எண்ணெய் ஊற்றுகிற டப்பாவின் மூடியில் உள்ள காற்றுத்துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் வருஷக்கணக்கில் தண்ணீர் அதில் சேர்ந்துகொண்டே இருக்கும். பிரேக் எண்ணெயின் தரத்தை டாட் (DOT) என்ற எண்ணால் சொல்வார்கள். புதிதாக இருக்கும்போது டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் தாங்க வேண்டிய அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்தபின் 155. நம் ஊர் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது துணி காயப்போடுகிற எல்லோருக்கும் தெரியும்.

என் அப்பாவின் காடி எண்ணெயை முதல் தடவை நான் இறக்கியபோது ஒரு ஜாம் போத்தலில் பிடித்தேன். பாலில்லாத காப்பி நிறத்தில் இருந்தது, அடியில் கறுப்பாக மண்டி. பக்கத்தில் இன்னொரு போத்தலில் புது எண்ணெய், வெளிர் மஞ்சளாகத் தெளிவாக. அப்பா இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அதே காடியில்தான் ஆறு பேர், பத்து முட்டைக்கோஸ், ஒரு மூட்டை சோளத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தோம். லாத்தா இஸ்கண்டார் அருவிக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் பெடல் போய்விட்டது. அப்பா கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சுவர்ப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். அம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த இறக்கம் எவ்வளவு சூட்டைக் கொடுக்கும் என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலைமேல் உள்ள தானா ராத்தா பட்டணம் ஏறக்குறைய 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா வந்து சேர்வதற்குள் சுமார் 1300 மீட்டர் இறங்குகிறோம். அந்த உயரத்தில் இருக்கிற சக்தி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காடியை 33 தடவை அடியோடு நிறுத்துவதற்குச் சமம். ஒரு டன் எடை என்றால், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு, கோயில் அன்னதானத்துக்கு ஒரு அண்டா. காற்றும் டயரும் இன்ஜினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். டி கியரிலேயே விட்டுவிட்டு இறங்கினால் மீதி முழுவதும் நான்கு சக்கரத்தின் தலையில், அதிலும் முன் இரண்டில்தான் அதிகம்.

அதனால் எந்த கியரில் ஏறினீர்களோ, கிட்டத்தட்ட அந்த கியரில் இறங்குங்கள். ஆட்டோ காடியில் டிக்குக் கீழே 3, 2, எல் என்றோ, எஸ், பி என்றோ இருப்பது இதற்குத்தான். இன்ஜின் இரையும், பயப்பட வேண்டாம், இன்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் மானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிரேக்கை வழிநெடுக லேசாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு தடவை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இன்ஜினை அணைத்துவிட்டால் இன்னும் மோசம், இரண்டு மூன்று மிதிக்கு மேல் பூஸ்டர் உதவாது. பிரேக் சூடாகிவிட்டால் சமமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். அருவித் தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள், சுடு இரும்பில் விரிசல் விழலாம், வளையலாம்.

அப்படியும் பெடல் போய்விட்டால், விடாமல் வேகமாகப் பல தடவை மிதியுங்கள், கொஞ்சமாவது அழுத்தம் திரும்ப வரலாம். கூடவே கியரைக் குறையுங்கள். கம்பியில் இயங்குகிற ஹேண்ட் பிரேக்குக்கு எண்ணெய் தேவையில்லை, அதனால் அது வேலை செய்யும். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு காடி சுழலும். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இழுங்கள்.

தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடுகிற காடியாக இருந்தால் இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். கேலிப்பர் நகர்வதற்கு இரண்டு இரும்பு ஊசிகள் (pin) இருக்கின்றன. சேறும் மழையும் பட்டு அவை காய்ந்து இறுகிவிட்டால் உள்பக்க பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். சக்கரத்தின் இடுக்கில் எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்க பேட், அது தடியாகவே இருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பின் டிரம்மையும் வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து செம்மண்ணைத் துடைக்கச் சொல்லுங்கள். வாயால் ஊத வேண்டாம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

எண்ணெய் டப்பாவில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை எண்ணெய் நிரப்புகிறது, அதனால் அளவு மெதுவாக இறங்கும். சட்டென்று இறங்கினால் கசிவு. எது என்று தெரிந்துகொண்டு ஊற்றுங்கள். இன்ஜின் எண்ணெயை மட்டும் மறந்தும் விட்டுவிடாதீர்கள், ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போய் மொத்த பிரேக்கையும் மாற்ற வேண்டிவரும்.

வர்க்‌ஷாப்பில், "டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி மாற்ற வேண்டாம், நான்கு சக்கரத்திலும் பழையது தீர்ந்து புதுசு வரும்வரை இறக்குங்கள்" என்று சொல்லுங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் எண்ணெய் இறக்குகிற நிப்பிளைத் திறக்க என்று செய்வதாக இருந்தால், பழைய காடியில் பெடலைத் தரை வரைக்கும் அமுக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் அடியில் துரு ஏறிய பகுதியில் சீல் உரசிக் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும். டப்பா மூடியில் எந்த டாட் என்று எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். இரண்டு வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது திரும்ப மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நான் அதற்கு மேல் தள்ளிப்போட விடுவதில்லை. ஒரு போத்தல் எண்ணெய் விலை, நாலு பேர் வெளியே பசியாறுகிற காசுதான்.

சீல் உடைக்காத போத்தலாக வாங்குங்கள். மிச்சத்தை அடுத்த முறைக்கு என்று வீட்டில் எடுத்து வைக்காதீர்கள், திறந்த போத்தலும் ஈரம் இழுக்கும். இறக்கிய பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் வர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், உரித்துவிடும்.