இனப்படுகொலை என்றால் எது? அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

ஓட்டப்பிடாரத்துத் தம்பி: அண்ணாச்சி, பாஞ்சாலங்குறிச்சியை இடித்து ஆமணக்கு விதைத்தார்களே, அது இனப்படுகொலைதானே?

அந்தக் கோபம் எனக்கும் உண்டு, தம்பி. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். ஊமைத்துரை எழுப்பிய கோட்டையை 1801-இல் தரைமட்டமாக்கினார்கள். கொடுமைதான். ஆனால் கம்பெனி நம்மிடம் கேட்டது வரி. உழுகிறவனை ஒழித்துவிட்டால் வரி யார் கட்டுவது? குடியேற்றக் காலனியம் வேறு வகை. அங்கே வருகிறவன் தங்க வருகிறான். அவனுக்கு நிலம் வேண்டும், நிலத்துக்காரர்கள் வேண்டாம்.

அம்பாசமுத்திரத்து மாணவி: சட்டம் என்ன சொல்கிறது, சார்?

நாம் இனப்படுகொலை என்கிற 'ஜெனோசைட்' என்ற சொல்லைப் போலந்து சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-இல் உருவாக்கினார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. உடன்படிக்கை நிறைவேறியது. ஒரு தேசிய, இன, நிற, மதக் குழுவை முழுவதுமோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். கொலை அதில் ஒரு வழி மட்டுமே. பிறப்பைத் தடுப்பதும், குழந்தைகளைப் பறித்து வேறு குழுவிடம் கொடுப்பதும் அதில் அடக்கம்.

தென்காசியிலிருந்து ஒருவர்: குடியேற்ற நாடுகளின் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் நோயில்தானே இறந்தார்கள்? அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியா தீவைப் பாருங்கள். பூர்வகுடிகள் கங்காருவை வேட்டையாடிய புல்வெளிகளில் பிரிட்டிஷார் செம்மறிகளை இறக்கினார்கள். நம் கரிசலில் அறுவடைக்குப் பிறகு கிடை போட்டுவிட்டுப் போகும் ஆடுகள் அல்ல அவை; வந்த இடத்திலேயே நின்றுவிட்ட மந்தைகள். வேட்டைநிலம் போயிற்று, சண்டை மூண்டது. 1830-இல் படைவீரர், கைதிகள், குடியேறிகள் என 2,000 பேருக்கு மேல் வரிசையாக நின்று தீவின் குடியேற்றப் பகுதிகளைச் சல்லடை போட்டார்கள். எஞ்சிய பூர்வகுடிகளை ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1847-இல் அங்கிருந்து திரும்பியவர்கள் 47 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் நோயில் இறந்தார்கள், உண்மை. ஆனால் அந்தத் தீவில் அவர்களைக் கொண்டு வைத்தது யார்? அவர்களுடைய சந்ததியினர் இன்றும் இருக்கிறார்கள். 'அழிந்துபோன இனம்' என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் இன்னொரு அநியாயம்.

அதே மாணவி: நோக்கத்தை எப்படி நிரூபிப்பது?

அப்போது ஜெர்மன் காலனியாக இருந்த நமீபியாவில் அது எளிது. 1904 அக்டோபர் 2 அன்று ஜெர்மன் தளபதி ஃபான் டிரோத்தா, அங்கிருந்த ஹெரேரோ மக்களைச் சுடும்படி எழுத்திலேயே ஆணையிட்டார். பிற இடங்களில் அப்படிக் காகிதம் கிடைக்காது. துப்பாக்கி குடியேறியின் கையில் இருந்தது, அரசு கண்டுகொள்ளவில்லை. ஐம்பது ஆண்டுகள் ஒரே திசையில் நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாளையங்கோட்டை ஆசிரியை: இனப்படுகொலை, இனவழிப்பு, எதை எழுதுவது?

இனவழிப்பு என்றே எழுதுங்கள், அம்மா. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனபோது ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அதையும் இந்தக் குற்றம் என்றே 1997-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.