செல்போன் பையும் பூத்துக்குளியும்

கேள்வி: உதகை அருகே ஒரு மந்தில் (தோடர் பழங்குடிக் குடியிருப்பு) 12 தோடர் பெண்கள் பூத்துக்குளித் தையல் போடுகிறார்கள், அதாவது அவர்களுடைய பூவேலைப் போர்வையில் போடும் தையல். நான் கணக்கு எழுதித் தருகிறேன். ஒரு கடைக்காரர் 200 செல்போன் பை கேட்கிறார், ஒன்றுக்கு 250 ரூபாய்தான் தருவாராம். எடுக்கலாமா? இதனால் கலை வளருமா, கெட்டுப்போகுமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் 250-க்கு வேண்டாம்.

நீலகிரி மலையின் இனங்களுக்குள் ஒரு காலத்தில் பண்டமாற்று நடந்தது. தோடர் நெய் கொடுத்தார்கள். கோத்தர் பானையும் இரும்புக் கருவியும், படகர் தானியமும், குறும்பர் காட்டுப் பொருளும் கொடுத்தார்கள். 1819-இல் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய பிறகு ரொக்கமும் சந்தையும் வந்தன. கொடுக்கல் வாங்கல் மெல்ல அறுந்தது. புல்வெளியில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள், எருமைக்கு மேய்ச்சல் சுருங்கியது. கோத்தப் பெண்கள் வனைந்த பானையின் இடத்தை அலுமினியம் பிடித்தது. தோடர் தையல் தப்பியதற்குக் காரணம் சாவுச் சடங்கு: இறந்தவருக்குத் தையலிட்ட பூத்துக்குளி போர்த்த வேண்டும். வாங்க ஆளில்லாத நாளிலும் வீட்டில் ஊசி ஓய்ந்ததில்லை. அந்த உயிர் இருந்ததால்தான் 2013-இல் கிடைத்த புவிசார் குறியீடும் (இந்தப் பெயர் இந்த இடத்துப் பொருளுக்கே உரியது என்ற அரசுப் பதிவு) சுற்றுலாச் சந்தையும் இதற்குப் பயன்பட்டன.

இப்போது விலை. மூன்று பேரை ஒரு மாதிரிப் பை தைக்கச் சொல்லி, உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் குறியுங்கள். சராசரி 6 மணி நேரம், 8 மணி நேர நாள்கூலி 400 என்று வைத்துக்கொள்வோம். கூலி 300, துணி, நூல், ஜிப் 70, பொதுச் செலவு பத்து சதவீதம் 37. ஆக 407 ரூபாய். 250-க்கு ஒப்புக்கொண்டால், பொருளும் பொதுச் செலவும் போக நாள்கூலி சுமார் 190-க்கு இறங்கிவிடும். தேயிலை பறிக்கப் போனால் அதைவிடக் கிடைக்கும். இளம் பெண்கள் ஊசியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கலை கெடுவது இந்த இடத்தில்தான். கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால் பூவேலையின் அகலத்தைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

துணியையும் நீங்களே வாங்குங்கள். கோடு வரையாமல், மரச்சட்டம் மாட்டாமல், இழையை எண்ணிப் போடும் தையல் இது. இழை கண்ணுக்குத் தெரியும் முரட்டு வெள்ளைப் பருத்திதான் சரி. நெருக்கமாக நெய்த மில் துணியில் எண்ணிக்கை தவறி, பூ கோணலாகிவிடும். தைக்குமுன் துணியை ஒருமுறை அலசிக் காயவையுங்கள். சிவப்பு, கறுப்பு நூலை ஈர வெள்ளைத் துணியில் சுற்றி, சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சாயம் இறங்கினால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரிசை திரும்பும் இடத்தில் நூலைச் சிறு வளையமாக விடுவது வழக்கம். இழுத்துப் பிடித்தால் துவைத்ததும் துணி சுருங்கி மடிப்பு விழும். அதைப் பிசிறு என்று சொல்லிக் கடைக்காரர் கத்தரிக்கச் சொன்னால் விடாதீர்கள். எந்தப் பூவைப் பையில் போடலாம், எது கூடாது என்பதை மந்தின் பெரியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

12 பேரையும் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக (குறியீட்டைப் போட்டு விற்க உரிமை பெற்றவராக) பதியுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு கட்டணம் 10 ரூபாய்தான். குறியீட்டை விற்கவோ அடகு வைக்கவோ சட்டம் இடம் தராது. கடையின் பெயருக்கு மாற்றக் கேட்டால் மறுத்துவிடலாம். மிஷினில் அச்சடித்ததை யாராவது தோடர் தையல் என்று விற்றால் பில்லோடு ஒன்று வாங்கி வையுங்கள், அதுதான் சாட்சி. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

முடித்துக் கொடுக்கும் கெடு நாள் பற்றி ஒன்று. 200 பைக்கு 1,200 மணி நேரம். 12 பேர் தினம் 4 மணி நேரம் உட்கார்ந்தால் 25 நாள். ஆனால் 40 நாள் கேளுங்கள். நடுவில் மந்தில் சாவு விழுந்தால் பை நிற்கும், பூத்துக்குளிதான் முதலில் முடியும். இதை ஆர்டர் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.