அழிக்கும் முன் காட்டுகிறதா?

ஈரோட்டில் கணினி பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கணினியில் சேர்ந்த குப்பையைக் கூட்டிப் பெருக்க எந்த ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்த) மென்பொருளை நம்பலாம் என்று பலர் கேட்டார்கள். அவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை பார்க்கிறேன். சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது. எந்த கிளீனர் போடலாமுங்க?

பதில்: கிளீனர் அப்புறம், தம்பி. இடம் எங்கே போனது என்று முதலில் பாருங்க. வின்டிர்ஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலையும் அதன் அளவுக்குத் தக்க வண்ணக் கட்டமாக வரைந்துவிடும். சென்னிமலையில் ஒரு போர்வைக் கடைக் கணினியில் அதை ஓட்டினேன். திரையில் கால்வாசிக்கு ஒரே கட்டம். சொடுக்கினால், விண்டோஸை மேம்படுத்தியபோது மிச்சம் நின்ற 'விண்டோஸ் டாட் ஓல்டு' ஃபோல்டர். விண்டோஸின் ஸ்டோரேஜ் அமைப்பிலேயே அதை நீக்கிவிட்டேன். கிளீனருக்கு வேலையே இல்லை.

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் என்றாலே நம்பலாமுங்களா?

பதில்: அந்த ஒரு காரணம் போதாதுங்க. 2024-ல் லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் பின்வாசல், அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழி, வைத்துவிட்டார்கள். வைத்தவர் வெளியாள் இல்லை, ஓரிரு வருடம் உதவி செய்து பொறுப்பை வாங்கிக்கொண்ட ஆள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததில் பிடிபட்டது. நிரல் திறந்து கிடந்ததால் தோண்ட முடிந்தது. மூடிய மென்பொருளில் வெளியாள் அப்படித் தோண்டுவது கடினம். 2017-ல், மூடிய மென்பொருளான சிகிளீனரின் 5.33 பதிப்பிலேயே தீநிரல் கலந்து வந்து, கண்டுபிடிப்பதற்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறிவிட்டது. அதனால் உரிமத்தோடு நிற்காமல், கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, பிழை சொன்னவர்களுக்குப் பதில் வருகிறதா, எத்தனை பேர் நிரல் எழுதுகிறார்கள் என்றும் பாருங்க. பத்து நிமிட வேலைதான்.

கேள்வி: கோபியிலிருந்து. பிளீச்பிட் போடலாமா? எதை டிக் செய்வது?

பதில்: தாராளமாகப் போடலாம். ஓப்பன் சோர்ஸ் கிளீனர் அது. 2008-லிருந்து இருக்கிறது, ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம், பைத்தான் நிரல்மொழியில் எழுதியது. எனக்குப் பிடித்தது அதன் 'ப்ரிவியூ' பொத்தான். எந்தெந்த ஃபைல் போகும், எத்தனை எம்பி இடம் கிடைக்கும் என்று வரிவரியாகக் காட்டும். அழிக்கும் முன் காட்டாத கிளீனரை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. பிளீச்பிட் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கு வராது, அதனால் ப்ரிவியூவைப் படிக்காமல் அடுத்த பொத்தானைத் தொடாதீங்க. பிரவுசரில் கேஷ் (தளங்களிலிருந்து இறக்கி வைத்த தற்காலிக ஃபைல்கள்) மட்டும் டிக் செய்தால் போதும். பாஸ்வேர்டை டிக் செய்தால் சேமித்ததெல்லாம் போய்விடும், குக்கீஸை டிக் செய்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். 'ஃப்ரீ டிஸ்க் ஸ்பேஸ்' வேண்டவே வேண்டாம். காலி இடத்தின் மேல் எழுதித் துடைப்பது அது. மணிக்கணக்கில் ஓடும், இடமும் அதிகமாகாது.

கேள்வி: ரெஜிஸ்ட்ரி கிளீனர்?

பதில்: வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு. அதைக் கூட்டினால் வேகம் அதிகமாகாது, கெட்டால் விண்டோஸையே திரும்பப் போட வேண்டி வரும்.

கேள்வி: எங்கிருந்து இறக்குவதுங்க? தேடினால் முதலில் விளம்பரம்தான் வருகிறது.

பதில்: அந்த விளம்பரத்தில்தான் ஏமாறுகிறார்கள். மென்பொருளின் சொந்தத் தளத்துக்கோ, நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் அதன் பக்கத்துக்கோ நேரே போங்க. அங்கே ஷா-256 என்று, ஃபைலின் கைரேகை போல 64 எழுத்துகள் கொடுத்திருந்தால், இறக்கிய ஃபைலை வலச்சொடுக்கி 7-ஜிப் (ஃபைல்களைச் சுருக்கும் மென்பொருள்) மெனுவில் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுங்க. ஒரு எழுத்து மாறினாலும் அதை நிறுவாதீங்க.

கேள்வி: கோவையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரே கல்யாணப் படம் நாலு ஃபோல்டரில் கிடக்கிறது. எப்படிக் களைவது, அண்ணா?

பதில்: ஒரே ஃபைலின் நகல்களைத் தேடிக் காட்டும் டூப்குரு போடுங்க, அக்கா. ஆனால் 'பிக்சர்' முறையைத் தொடாதீங்க. அது பார்வைக்கு ஒத்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கும். இணைச்சீர்ச் சடங்கின்போது அடுத்தடுத்து எடுத்த ஆறு படங்களில், கண் மூடாமல் இருக்கும் ஒன்றும் அந்தக் கும்பலில் சேர்ந்து போய்விடலாம். 'ஸ்டாண்டர்ட்' முறையில் 'கன்டென்ட்ஸ்' தேர்ந்தெடுத்தால், உள்ளடக்கம் அப்படியே ஒன்றானவற்றை மட்டும் பிடிக்கும். மூல ஃபோல்டரை 'ரெஃபரன்ஸ்' என்று குறித்துவிடுங்க, அதிலிருந்து ஒன்றும் போகாது. மற்ற ஃபோல்டர்களில் நீங்கள் அழிக்கும் நகல்கள் ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். ஆல்பத்தைக் கல்யாண வீட்டில் கொடுத்த பிறகு அந்த ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் போதும்.