அறுபது வயது ஓய்வு: கோபம் யார் மேல்?

கேள்வி: அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக்கியதால்தான் எங்களுக்கு வேலை இல்லாமல் போனது என்று கோச்சிங் சென்டரில் எல்லாரும் பேசிக்கொள்கிறோம். சரிதானே?
- குரூப் 4 தேர்வர், திண்டுக்கல்

பதில்: பாதி சரி தம்பி. 2020 மே மாதம் தமிழக அரசு அதை 59 ஆக்கியது. 2021 பிப்ரவரி 25 அன்று அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் விவாதம் இல்லாமல் அறிவிக்க இடம் தரும் 110-வது விதியின் கீழ் 60 என்று அறிவித்தார், மறுநாளே சட்டமன்றத் தேர்தல் தேதி வந்துவிட்டது. ஒருவர் ரிட்டையர் ஆனால் பணிக்கொடை, கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது), சேர்ந்து கிடக்கும் ஈட்டிய விடுப்புக்கான பணம் என்று அரசு பெருந்தொகையை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். கொரோனாவில் கஜானா காய்ந்து கிடந்த நேரத்தில் அதைத் தள்ளிப்போட்டார்கள். அகவிலைப்படி உயர்வையும் விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்கும் சரண்டரையும் அதே 2020-ல் நிறுத்தியதும் இதே கணக்குதான். 2020 மே கடைசியில் 58 வயதில் வீட்டுக்குப் போக வேண்டியவர் 2022 மே கடைசியில்தான் போனார். அந்த நாற்காலி இரண்டு வருடம் காலியாகவில்லை, அவருக்குக் கீழே பதவி உயர்வுக்குக் காத்திருந்தவரும் நின்ற இடத்திலேயே நின்றார். இதில் உங்கள் கோபம் நியாயம்.

மீதிப் பாதிக்கு வருவோம். 2019 செப்டம்பருக்கு அப்புறம் அடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலையில்தான் நடந்தது. அறிவித்தது 7,301 இடம், எழுதியவர்கள் 18 லட்சத்துக்கு மேல். அந்த நாற்காலிக்காரர் இரண்டு வருடம் முன்னாடியே போயிருந்தாலும் இந்தக் கூட்டம் கரைந்திருக்காது. காலியான இடத்தை நிரப்பாமல் இழுத்தடிப்பதும், நிரந்தர வேலையை அவுட்சோர்சிங்குக்குத் தள்ளுவதும்தான் உங்கள் வயிற்றில் அடிக்கிறது. 2021 செப்டம்பரில் நேரடி நியமனத்துக்கான வயது வரம்பை இரண்டு வருடம் கூட்டினார்கள், தேவையான உதவிதான், ஆனால் வீட்டில் கைச்செலவுக்குக் கேட்டுக் கேட்டுப் படிக்கிற பிள்ளைக்குப் போன வருடங்களை எந்த அரசாணையும் திருப்பித் தராது. பெரியவர்களைத் திட்டுகிற நேரத்தில், உங்கள் மாவட்டத்தில் எந்தத் துறையில் எத்தனை இடம் காலி, எப்போதிலிருந்து காலி என்று ஆர்.டி.ஐ. போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பிரான்சில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கியபோது லட்சக்கணக்கான பேர் தெருவுக்கு வந்தார்கள், பாரிஸில் குப்பை மலையாகக் குவிந்தது. இங்கே மட்டும் ஊழியர்கள் சந்தோஷப்பட்டார்களே, ஏன்?
- வாசகி, கோவை

பதில்: அங்கே தள்ளிப்போனது பென்ஷன் கைக்கு வருகிற வயது, அதுவும் அரசு வேலை, தனியார் வேலை என்ற வித்தியாசம் இல்லாமல். பாராளுமன்றத்தின் கீழ்சபையில் மசோதா மீது கடைசி ஓட்டெடுப்பு இல்லாமல், அரசியல் சாசனத்தின் 49.3 என்ற பிரிவை வைத்து அரசு அதை நிறைவேற்றியது, அதில் ஜனங்கள் இன்னும் கொதித்துப்போனார்கள். இங்கே இது அரசு மற்றும் அரசு சார்ந்த வேலைக்கு மட்டும். நாற்பதை நெருங்கும்போது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலை கிடைத்து, 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்ததால் பழைய பென்ஷனும் இல்லாமல் போன ஓர் ஆசிரியருக்கு இரண்டு வருடச் சம்பளம் என்பது பெண்ணின் கல்யாணம், வீட்டுக் கடன். அவர் சந்தோஷப்பட்டதைத் தப்பு சொல்ல மாட்டேன். சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கும் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற அக்காவுக்கும் ஓய்வு வயது என்ற ஒன்றே கிடையாது, அவர்களைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்வி: என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். 58-லேயே கண்ணும் தோளும் ஒத்துழைக்கவில்லை. 60 வரை ஓட்டியே ஆக வேண்டுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: ஃபைல் பார்க்கிறவருக்கும் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கும் ஒரே வயது வைத்தது சரியில்லை என்பதே என் கருத்தும் அம்மா. பணியில் இருக்கும்போது உடல்குறை ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 20-வது பிரிவு சொல்கிறது. எல்லா வலியும் அந்தச் சட்டப்படி உடல்குறை ஆகிவிடாது, அதனால் முதலில் அரசு மருத்துவமனையில் காட்டி எழுத்தில் சான்று வாங்குங்கள். அதை வைத்து மாற்றுப் பணி கேட்டு மனு கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க மறக்காதீர்கள். அதுவரை இரவு டியூட்டி வேண்டாம் என்று தனியாக ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.